பிள்ளைகள் கேட்கட்டும்: மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய மறைக்கல்வி ஆசிரியர்களே, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே,



நிசேயாவில் ஆயர்கள் கூடி 1700 ஆண்டுகள் நிறைவடைந்ததை 2025-இல் பல திருச்சபைகளும் நினைவுகூர்ந்தன. நம் பிள்ளைகளும் விசுவாசப் பிரமாணத்தைத் தடங்கலில்லாமல் ஒப்பித்தார்கள். நமக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பிரமாணத்தின் ஒரு வரியைப் பற்றிப் பிள்ளை கேள்வி கேட்டால் என்ன செய்கிறோம்? "அதெல்லாம் மறைபொருள், கேட்கக் கூடாது" என்று வாயை அடைக்கிறோம். கொஞ்சம் படித்தவர்களாக இருந்தால், "இப்படிக் கேட்டுத்தான் ஆரியுஸ் கெட்டுப்போனான்" என்று பயமுறுத்துகிறோம். இந்த இரண்டையும் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

பிள்ளைகள் கேட்பவை உங்களுக்கு நன்றாகத் தெரிந்த கேள்விகள். சிலுவையில் இயேசுவுக்கு வலித்ததா, கடவுள் என்பதால் வலிக்கவில்லையா? அவரே கடவுள் என்றால் தோட்டத்தில் யாரிடம் ஜெபித்தார்? அவர் கடவுளா, கடவுளுக்கு அடுத்தபடியா? எல்லாம் தெரிந்தவர் என்றால், கடைசி நாள் எப்போது என்று தனக்குத் தெரியாது என ஏன் சொன்னார்? கடவுளுக்கு எப்படி அம்மா இருக்க முடியும்?

முதல் ஏழு நூற்றாண்டுகளின் பெரிய மனிதர்களெல்லாம் இந்தக் கேள்விகளோடுதான் மல்லுக்கட்டினார்கள். அவர்களில் பலரைத் திருச்சபை தப்பறைக்காரர் என்று விலக்கியது. விலக்கியது சரியே என்று நம்புகிறவன் நான். அதே சமயம், அவர்களுடைய தப்பறை கேள்வியில் இல்லை என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உண்மையின் ஒரு பக்கத்தை இறுகப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைக் கைவிட்ட விடையில்தான் அது இருந்தது. எதைக் காப்பாற்ற நினைத்தார்கள், எதை இழந்தார்கள் என்று சேர்த்துச் சொன்னால்தான் பிள்ளைகளுக்கு விசுவாசப் பிரமாணம் புரியும்.

முதல் கேள்வி, வலி. கடவுள் துன்பப்படலாமா என்று கூசியவர்கள் தொடக்கத்திலிருந்தே உண்டு. இயேசு மனிதர்போலத் தோன்றினார், அவ்வளவுதான். உடலும் இல்லை, வலியும் இல்லை என்றார்கள். 'யோவான் பணிகள்' என்ற திருமுறையில் சேராத பழைய நூலில், இயேசு நடந்து போகும்போது தரையில் அவர் காலடித் தடம் பதிகிறதா என்று யோவான் பார்க்கிறார். ஒரு தடத்தையும் காணவில்லை. கடவுளின் மேன்மைக்கு இழுக்கு வந்துவிடக் கூடாது என்ற பக்தி இதன் அடியில் இருக்கிறது. சினோப்பே ஊரைச் சேர்ந்த கப்பல் உரிமையாளர் மார்சியோன் இன்னும் ஒரு படி மேலே போனார். இயேசுவின் பிறப்பையே எடுத்துவிட்டார். அவருடைய நற்செய்தியில் இயேசு குழந்தையாக வருவதில்லை. திபேரியு மன்னனின் 15-ஆம் ஆண்டில் வளர்ந்த ஆளாகவே வந்து இறங்குகிறார். உரோமைச் சபைக்கு மார்சியோன் 2,00,000 செஸ்டர்ஸ் நன்கொடை கொடுத்திருந்தார். 144-இல் அவரை வெளியேற்றியபோது சபை அந்தப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டது.

இவர்களுக்குப் பதில் சொன்னவர்களில் அந்தியோக்கியா ஆயர் இக்னாசியாரை மறக்கக் கூடாது. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பத்துப் படைவீரர் காவலில், உரோமையில் காட்டு விலங்குகளுக்கு இரையாகக் கொண்டுபோகப்பட்டவர் அவர். வழியில் எழுதிய மடல்களில், ஆண்டவர் உண்மையாகவே பிறந்தார், உண்டார், குடித்தார், பாடுபட்டார் என்று திரும்பத் திரும்ப வற்புறுத்துகிறார். அவர் பாடுபட்டது வெறும் தோற்றம் என்றால் நான் ஏன் விலங்கு பூட்டப்பட்டுப் போகிறேன் என்பது அவர் கேட்ட கேள்வியின் சாரம். சாகப் போகிறவனுக்கு, வலியே அறியாத கடவுளால் என்ன ஆறுதல்? வலித்ததா என்று பிள்ளை கேட்டால் ஆம், வலித்தது என்று தயங்காமல் சொல்லுங்கள். திருச்சபை முதலில் போராடிக் காத்தது இந்த ஒரு பதிலைத்தான். கிறிஸ்துவின் தெய்வீகத்துக்காகப் போராடுவதற்கு முன்பே அவருடைய மனிதத்துக்காகப் போராட வேண்டியிருந்தது.

தோட்டத்தில் யாரிடம் ஜெபித்தார் என்ற கேள்விக்கு, தந்தையும் மகனும் ஒருவரே, வேளைக்கு ஒரு முகம் காட்டுகிறார் என்று பிரக்சேயா, சபேல்லியு என்ற இருவர் விடை சொன்னார்கள். கடவுள் ஒருவரே என்பதைக் காப்பது அவர்கள் நோக்கம். அப்படியானால் சிலுவையில் தொங்கியது தந்தையே என்றாகிவிடும், மகனின் ஜெபம் தன்னோடு தானே பேசிக்கொண்ட நாடகமாகிவிடும் என்று கார்த்தேஜின் தெர்த்துல்லியன் ஒரு நூலே எழுதி மறுத்தார். இதற்கு நேர் எதிராக, இயேசு நல்ல மனிதர், திருமுழுக்கின்போது கடவுள் அவரைத் தம் மகனாகத் தத்தெடுத்துக்கொண்டார் என்றவர்களும் உண்டு. பைசாந்தியத்திலிருந்து உரோமைக்கு வந்த தோல் தொழிலாளி தெயொதோத்து அவர்களில் ஒருவர். கிறிஸ்து யார் என்ற விவாதம் படித்தவர் வட்டத்துக்குள் அடைந்து கிடக்கவில்லை என்பதற்கு அவரே சாட்சி.

இனி, அவர் கடவுளா, கடவுளுக்கு அடுத்தபடியா என்ற கேள்வியும் ஆரியுஸும். நம் வகுப்புகளில் இவரைப் போல அநியாயமாகக் கறுப்புப் பூசப்பட்டவர் வேறு யாரும் இல்லை. அலெக்சாந்திரியாவில் பவுக்காலிஸ் என்ற பகுதியில் குருவாக இருந்தவர். எளிய துறவு வாழ்க்கைக்குப் பேர்போனவர். அவருடைய எதிரிகளே அதை மறைக்கவில்லை. கடவுள் ஒருவரே தோற்றமில்லாதவர். மகன் தோன்றியவர் என்றால் அவருக்கு ஒரு தொடக்கம் இருந்தாக வேண்டும். ஆகவே அவர் படைப்புகளில் முதன்மையானவர், மற்ற எல்லாவற்றையும் விட உயர்ந்தவர், ஆனாலும் படைப்புதான் என்றார். நீதிமொழிகள் 8:22-ஐயும் யோவான் 14:28-ஐயும் எடுத்துக் காட்டினார். வேதத்தைத் தள்ளிவிட்டுப் பேசியவர் அல்லர். வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டே பேசியவர். மாலுமிகளும் மாவு அரைப்போரும் வழிப்போக்கரும் பாடும் மெட்டுகளில் தம் கருத்துகளைப் பாட்டாக்கிப் பரப்பினார் என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

325-இல் கான்ஸ்டன்டைன் பேரரசர் நிசேயாவில் ஆயர்களைக் கூட்டினார். அது இன்றைய துருக்கியின் இஸ்னிக். சுமார் 300 பேர் வந்தார்கள். மரபு 318 என்று எண்ணிக்கை சொல்கிறது. வந்தவர்களில் நெயோசெசாரேயா ஆயர் பவுலின் இரண்டு கைகளும், முந்தைய துன்புறுத்தலின்போது பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடப்பட்டு முடங்கிப் போயிருந்ததாகத் தெயொதொரேத்து என்ற பழைய வரலாற்றாசிரியர் எழுதுகிறார். இந்தக் கைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுங்கள். நிசேயாவில் சொல்லுக்காகச் சண்டை போட்டவர்கள் வேலையற்ற தர்க்கவாதிகள் அல்லர். யாருக்காக என் கைகளை இழந்தேன் என்று கேட்கும் உரிமை அந்த ஆயருக்கு இருந்தது. கடவுளுக்காகவா, கடவுள் அனுப்பிய ஒரு மேலான படைப்புக்காகவா? மகன் தந்தையோடு ஒரே பொருள் உடையவர் என்று சங்கம் முடிவு செய்தது. படைப்பு படைப்பை மீட்க முடியாது. கடவுளே இறங்கி வந்தால்தான் மீட்பு என்பதே அதன் உட்கரு.

ஆனால் சங்கத்தோடு பிரச்சினை தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'ஒரே பொருள்' என்ற அந்தச் சொல் வேதத்தில் இல்லையே என்று நல்லவர்கள் பலர் தயங்கினார்கள். அதுமட்டுமல்ல, 268-இல் அந்தியோக்கியாவில் சமோசாத்தா பவுல் என்ற வேறொருவரைக் கண்டித்த ஆயர்கள், அவர் பயன்படுத்திய பொருளில் அதே சொல்லைத் தள்ளியிருந்தார்கள். பேரரசர்கள் மாற மாறச் சரியான விசுவாசமும் மாறியது. நிசேயாவைக் காத்த அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார் நான்கு பேரரசர்களின் காலத்தில் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். 45 ஆண்டு ஆயர் பணியில் சுமார் 17 ஆண்டுகள் தம் ஊருக்கு வெளியே கழிந்தன. கான்ஸ்டன்டைனுக்கே சாகும் தறுவாயில் திருமுழுக்குக் கொடுத்தவர் ஆரியுஸின் ஆதரவாளரான நிக்கோமேதியா எவுசேபியு. இன்று நாம் ஞாயிறுதோறும் சொல்லும் பிரமாணம், 381-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கத்தோடு சேர்த்து அறியப்படும் வடிவம். நிசேயாவிலிருந்து அதுவரை 56 ஆண்டுகள். அந்த 56 ஆண்டுகளும் திருச்சபை கேள்வி கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

ஆரியுஸ் வழிவந்தவர்கள் அதோடு மறைந்துவிடவில்லை. கோத் மக்களுக்கு வேதாகமத்தை மொழிபெயர்த்துக் கொடுத்த உல்ஃபிலா அந்த வழிவந்தவர். அந்த விசுவாசத்தைக் கொண்ட கோத் அரசன் தெயொதோரிக், இத்தாலியின் ரவென்னாவிலிருந்து ஆண்டான். அந்த ஊரில் இரண்டு பழைய திருமுழுக்கு மண்டபங்கள் இன்றும் நிற்கின்றன. ஒன்று கத்தோலிக்கருடையது, மற்றது ஆரியுஸ் வழியினருடையது. இரண்டிலும் அண்ணாந்து பார்த்தால் கூரையில் வண்ணக்கல் பதித்த ஒரே காட்சி: யோர்தான் நீரில் இடுப்பளவு நிற்கும் இயேசு, பக்கத்தில் யோவான், தலைக்கு மேலே புறா, நதியைக் குறிக்க ஒரு கிழவர், சுற்றிலும் பன்னிரண்டு திருத்தூதர். அதே ஊரின் புதிய சாந்த் அப்போல்லினாரே ஆலயச் சுவரில் தெயொதோரிக்கின் அரண்மனை வண்ணக்கல்லில் தீட்டப்பட்டிருக்கிறது. 540-இல் பைசாந்தியப் படை ஊரைப் பிடித்த பிறகு, அந்த அரண்மனைத் தூண்களுக்கு நடுவே நின்ற உருவங்களைப் பெயர்த்தெடுத்துவிட்டுத் திரைச்சீலைகளைப் பதித்தார்கள். ஆனால் தூண்களின் மேல் நீண்டிருந்த சில கைகளையும் விரல்களையும் விட்டுவிட்டார்கள். ஆளில்லாத அந்தக் கைகளை இப்போதும் பார்க்கலாம். இரண்டு மண்டபத்திலும் திருமுழுக்குப் பெற்றவர்கள் ஒரே இயேசுவைத்தான் நிமிர்ந்து பார்த்தார்கள் என்பதை ஆரியுஸைப் பற்றிப் பாடம் எடுக்கும் நாளில் சொல்லுங்கள்.

நான்காவது கேள்வி, தெரியாமை. லவோதிக்கேயா ஆயர் அப்போல்லினாரிஸ் நம்மைப் போல ஓர் ஆசிரியர். கிறிஸ்தவர்கள் கிரேக்க இலக்கியம் கற்பிக்கக் கூடாது என்று 362-இல் ஜூலியன் பேரரசர் தடை போட்டபோது, அவரும் அவர் தந்தையும் வேதத்தையே கிரேக்கச் செய்யுள் வடிவங்களில் மாற்றி எழுதினார்கள். நிசேயா விசுவாசத்தின் தீவிர ஆதரவாளர், அத்தனாசியாரின் நண்பர். கிறிஸ்துவின் தெய்வீகத்தைக் காக்கும் ஆர்வத்தில், அவருக்கு மனித உடல் உண்டு, ஆனால் மனித மனத்தின் இடத்தில் இறைவார்த்தையே இருந்தது என்றார். அப்படியானால் சிறுவன் இயேசு ஞானத்தில் வளர்ந்ததாக லூக்கா சொல்வதை என்ன செய்வது? நசியான்சு கிரகோரியார் அதற்குத் தெளிவாகப் பதில் சொன்னார்: கிறிஸ்து எதை ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாகாமலே நின்றுவிடும். பாவமும் பயமும் குழப்பமும் குடியிருப்பது மனத்தில்தானே? அதை அவர் ஏற்கவில்லை என்றால் நமக்கு என்ன மீட்பு? பரீட்சைக்குப் பயப்படுகிற பிள்ளைக்கு, படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்த இயேசுவைக் காட்டுங்கள். அது தப்பறை அல்ல. 381-இல் சங்கம் காத்த விசுவாசம்.

கடவுளுக்கு அம்மாவா என்ற கேள்வி கான்ஸ்டான்டிநோபிளையே இரண்டாகப் பிளந்தது. 428-இல் அங்கே பேராயரான நெஸ்தோரியுஸ், மரியாளைக் 'கடவுளின் தாய்' என்பதைவிடக் 'கிறிஸ்துவின் தாய்' என்பதே பொருத்தம் என்றார். தெய்வீகத்தையும் மனிதத்தையும் குழப்பிவிடக் கூடாது என்பது அவர் கவலை. கருவறையில் இருந்தவரும் படைப்பைத் தாங்கியவரும் வேறு வேறு ஆட்கள் அல்லர், ஒருவரே என்பது அலெக்சாந்திரியா ஆயர் சிரிலின் பதில். பதிலில் சிரில் பக்கம்தான் நியாயம் இருந்தது. நடத்தையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. 431 ஜூன் 22 அன்று, அந்தியோக்கியா ஆயர் யோவானும் அவருடன் வந்த ஆயர்களும் சங்கம் கூடவிருந்த எபேசுவுக்கு வந்து சேர்வதற்கு முன்பே, சிரில் சங்கத்தைத் தொடங்கி நெஸ்தோரியுஸைப் பதவி நீக்கினார். நான்கு நாள் கழித்து வந்தவர்கள் தனியே கூடிச் சிரிலைப் பதவி நீக்கினார்கள். அரண்மனை அதிகாரிகளின் மனத்தை மாற்றச் சிரில் தரப்பு அனுப்பிய பரிசுகளின் பட்டியல் இன்றும் நம் கையில் இருக்கிறது. நெஸ்தோரியுஸ் எகிப்தின் பாலைவனத்துக்கு நாடு கடத்தப்பட்டு அங்கேயே இறந்தார். அவர் தம் தரப்பை விளக்கி எழுதிய நூல் சிரியாக் மொழியில் கண்டெடுக்கப்பட்டு 1910-இல்தான் அச்சேறியது. 1400 ஆண்டுகளுக்கு மேலாக, எதிரிகள் எழுதியதை வைத்தே உலகம் அவரை அறிந்திருந்தது.

நெஸ்தோரியுஸை மறுக்கப் போன யூத்திக்கஸ் என்ற மடத்துத் தலைவர் எதிர்ப்பக்கம் சாய்ந்து, ஒன்றிணைப்புக்குப் பின் கிறிஸ்துவில் ஒரே இயல்புதான் என்றார். 451-இல் கல்செதோன் சங்கம் இரண்டு பக்கமும் எல்லைக் கல் நட்டது: ஒரே ஆள், இரண்டு இயல்புகள், அவை கலப்பதும் இல்லை, மாறுவதும் இல்லை, பிரிவதும் இல்லை, விலகுவதும் இல்லை. எப்படி என்று சங்கம் விளக்கவில்லை. இந்த நான்கு 'இல்லை'களைத் தாண்டாதீர்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டது. கேள்விக்குத் தாழ்ப்பாள் போடாமல், எங்கே தவறி விழலாம் என்று காட்டிய அடக்கம் அது. நல்ல ஆசிரியர் செய்வதும் இதுதான்.

அப்படியும் எகிப்து, சிரியா, ஆர்மீனியா, எத்தியோப்பியா திருச்சபைகள் காலப்போக்கில் அந்தச் சங்கத்தை ஏற்காமல் பிரிந்தன. 457-இல் அலெக்சாந்திரியாவில் கல்செதோனை ஏற்ற பேராயர் புரொத்தேரியுவைக் கூட்டம் அடித்துக் கொன்றது. 662-இல், கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவின் மனிதச் சித்தம் உண்மையாகவே தயங்கியது, பிறகு உண்மையாகவே கீழ்ப்படிந்தது என்று போதித்ததற்காக, 80 வயதைக் கடந்த மாக்சிமு என்ற துறவியின் நாக்கையும் வலது கையையும் கிறிஸ்தவப் பேரரசே வெட்டியது. 18 ஆண்டுகளுக்குப் பின் கூடிய பொதுச்சங்கம் அவர் போதித்ததே சரி என்றது. அதிகாரம் யாரைத் தப்பறைக்காரர் என்கிறது என்பதை மட்டும் வைத்து உண்மையை அளந்துவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதெல்லாம் எங்கோ நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். சென்னைப் பரங்கிமலை உச்சியில், ஆலயப் பீடத்தில் பதித்திருக்கும் கற்சிலுவையைச் சுற்றிப் பகலவி எழுத்துகள் இருக்கின்றன. அது பழைய பாரசீகத்தின் எழுத்து. 'நெஸ்தோரியர்' என்று மேற்கத்தியர் ஒதுக்கிய பாரசீகத் திருச்சபையின் உறவில் வளர்ந்த கிறிஸ்தவர்களின் அடையாளம் அது. நம் அண்டை வீட்டில், கேரளத்தில், 1599-இல் உதயம்பேரூர் சங்கத்தைக் கூட்டிய கோவாப் பேராயர் மெனேசஸ், நெஸ்தோரியத் தப்பறை இருப்பதாகச் சொல்லி அங்குள்ள சிரியாக் நூல்களைத் திருத்தவும் எரிக்கவும் ஆணையிட்டார். தோமா கிறிஸ்தவர்களின் பழைய எழுத்துச் செல்வம் அதில் போனது, திரும்பி வராது. தமிழ்நாட்டிலும் நாம் சும்மா இருக்கவில்லை. ஒரு காலத்தில் தமிழ்க் கத்தோலிக்கர் புரட்டஸ்டாண்டுகளைப் 'பதிதர்' என்றே எழுதினார்கள். இன்று நாம் ஒரே தெருவில் குடியிருந்து, ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு ஒருவர் போகிறோம்.

பெரிய திருச்சபைகளும் நெடுந்தூரம் வந்துவிட்டன. 1973-இல் திருத்தந்தை ஆறாம் பவுலும் காப்டிக் திருத்தந்தை மூன்றாம் ஷெனூடாவும், 1984-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் சிரியாக் ஆர்த்தடாக்ஸ் மறைமுதுவர் முதலாம் சக்காவும், கிறிஸ்துவைப் பற்றிய விசுவாசத்தைச் சேர்ந்து அறிக்கையிட்டார்கள். 1994 நவம்பர் 11 அன்று இரண்டாம் யோவான் பவுலும் கிழக்கின் அசீரியத் திருச்சபையின் மறைமுதுவர் நான்காம் திங்காவும் கையெழுத்திட்ட அறிக்கை, 'கடவுளின் தாய்', 'கிறிஸ்துவின் தாய்' என்ற இரண்டு அழைப்பும் ஒரே விசுவாசத்திலிருந்து வருபவை என்று ஏற்றுக்கொண்டது. எபேசுவுக்கு 1563 ஆண்டுகள் கழித்து! திருச்சபைத் தலைவர்களே இப்படிப் பேசும்போது, நம் வகுப்பறையில் மட்டும் பழைய வசை ஏன் தொடர வேண்டும்?

ஆகவே உங்களிடம் சிலவற்றைக் கேட்கிறேன். விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடம் செய்விக்கும்போது ஒவ்வொரு வரியும் எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்று சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். அதற்கு ஆண்டில் ஐந்தாறு வகுப்புகள் ஒதுக்கினால் போதும். ஆரியுஸையோ நெஸ்தோரியுஸையோ பற்றிச் சொல்லும்போது, அவர் எதைக் காக்க நினைத்தார் என்பதை முதலில் சொல்லுங்கள்; எதை இழந்தார் என்பதை அடுத்துச் சொல்லுங்கள்; அவரை நம்மவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் ஊரில் சிரியாக் மரபுக் குடும்பங்கள் இருந்தால், அவர்களைத் தப்பறைக்காரர் என்று எந்தப் பிள்ளையும் சொல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை கேட்கும்போது முகம் சுளிக்காதீர்கள். விடை தெரியாவிட்டால், அடுத்த வாரம் படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் மதிப்பு குறையாது. பத்து வயதில் இயேசுவைப் பற்றிக் கேள்வி கேட்டுத் திட்டு வாங்கிய பிள்ளை, இருபது வயதில் கேள்வியோடு சேர்த்து இயேசுவையும் விட்டுவிட்டுப் போகிறது. கேட்ட பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள். நிசேயாவின் ஆயர்கள் நமக்கு விட்டுச் சென்ற வேலை அதுவே.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் உடன் ஊழியன்